வேலையும் வெள்ளத் தொண்டும்

2021 டிசம்பர் 18-இல் கொட்டிய பெருமழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. தென்சீனக் கடலிலிருந்து வந்த காற்றழுத்தத் தாழ்வின் விளைவு அது. சேறு அள்ளத் தொண்டர்கள் திரண்டனர். மாதச் சம்பளக்காரருக்கு விடுப்பு உண்டு. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ அழைப்பிதழும் பதாகையும் வடிவமைத்துப் பிழைப்பவருக்கு ஏது? அதுவும் தைப்பூச வேலைகள் குவியும் நேரம்!

வள்ளுவர் ஈகைக்கு முன்பே ஒப்புரவறிதலை வைத்தார். அதனால் வரும் நஷ்டத்தையும் மறைக்கவில்லை. ஆனால் வெள்ளம் சில நாளில் வடியும், வீடு சீராக வாரங்கள் ஆகும். வருமானத்தை முற்றும் இழந்தவர் அதுவரை தாக்குப்பிடிக்க மாட்டார். முதல் சில நாள் முழுமையாக, பிறகு வாரம் ஒரு நாள் என வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது உத்தமம். நிவாரண மையத்துக்கான அறிவிப்புத் தாளை இரவில் வீட்டிலிருந்தே செய்து தரலாம்.

வேலை கொடுத்த நன்கொடையாளர்களும் தவணையைச் சற்றுத் தளர்த்தலாம். ஆண்டு மலர் ஒரு வாரம் தாமதமானால் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை.