பாடம் 6: நாயை விலங்குக் காப்பகத்தில் ஒப்படைத்தல்

மீளக்குடியேறும் வீட்டில் நாயை வைத்திருக்க முடியாத நிலை சில குடும்பங்களுக்கு ஏற்படலாம். அதற்காக அதைச் சந்தையடியிலோ தேயிலை மலையிலோ விட்டுவிட்டு வராதீர்கள். தடுப்பூசி போடாமல் அலையும் நாயால் பிள்ளைகளுக்கு விசர்நாய்க்கடி நோய் வரலாம். நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக அரிது.

செய்ய வேண்டியவை:

1. முதலில் உறவினரிடமும் அயலவரிடமும் கேளுங்கள். பழகிய முகங்களோடு இருப்பதே நாய்க்கு நல்லது.

2. அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பூசி, கருத்தடை பற்றி விசாரியுங்கள். தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

3. காப்பகத்துடன் முன்கூட்டியே பேசுங்கள். இலங்கையில் காப்பகங்கள் குறைவு. மாத்தளையிலிருந்து மிதிகம போன்ற தென்பகுதிக் காப்பகங்களுக்கு நெடுந்தூரம். இடம் உண்டென்று உறுதியான பின்பே புறப்படுங்கள். சொல்லாமல் வாசலில் கட்டிவிட்டு வராதீர்கள்.

4. நாயின் வயது, நோய், யாரையாவது கடித்ததா என்பவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

5. ஒப்படைப்புப் படிவத்தை வாசித்து, விளங்காததைக் கேட்டபின் கையொப்பமிடுங்கள். அதன்பின் பொதுவாக நாய் உங்களுடையதல்ல. வேறு குடும்பத்துக்குக் கொடுக்கப்படலாம். இதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி, விடைபெற விடுங்கள்.

நாயை வைத்திருக்கத் தீர்மானித்தால், 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்யுங்கள்.

நினைவிற்கொள்க: நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.