ஆராதனையில் பிள்ளைக்கும் ஒரு வேலை

செய்ய ஒன்றும் இல்லாததால்தான் சிறு பிள்ளைகள் ஆலயத்தில் சேட்டை செய்கிறார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். பீடம் தெரியும்படி முன்னே உட்காரவையுங்கள். மறுநாள் வாசிக்கப்போகும் வேதபாடத்தைச் சனிக்கிழமை இரவே கதையாகச் சொல்லிவிடலாம். சி.எஸ்.ஐ. சபையென்றால், பாமாலையில் பாட்டு எண்ணைத் தேடி எடுப்பது பிள்ளையின் பொறுப்பாகட்டும். எழுத்துக்கூட்டத் தடுமாறும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் எண் தெரியும். காணிக்கைப் பை அருகே வந்தபிறகு காசைக் கையில் திணிக்காமல், வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். அது தன் காணிக்கை என்று அப்போதுதான் தோன்றும்.

“புரியாத வயதில் எதற்கு? ஓய்வுநாள் பள்ளி போதாதா?” என்பார்கள். அங்கே கதையும் பாட்டும் கிடைக்கும். பெரியவர்களோடு சேர்ந்து முழங்காலிடும் பழக்கம் கிடைக்காது. கர்த்தருடைய ஜெபத்தைப் பொருள் தெரிந்துகொண்டா நாம் மனப்பாடம் செய்தோம்? யாத்திராகமம் 12-ஆம் அதிகாரமும், பஸ்காவை ஆசரிக்கும்போது பிள்ளைகள் காரணம் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்கிறது. ஆசரிப்பு முதலில், விளக்கம் பிறகு. சத்தம் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்பது நியாயமான குறைதான். அழுதால் வெளியே தூக்கிப் போங்கள். அடங்கியதும் திரும்ப அழைத்து வாருங்கள். செல்போனைக் கொடுத்து உட்காரவைப்பது மட்டும் வேண்டாம்.