பங்குனி வெயிலில் மக்காச்சோளம்: பூவெடுக்கும் நாட்களுக்குத் தண்ணீரை ஒதுக்குங்கள்

தை கடைசியில் விதைத்த இறவை மக்காச்சோளம் பூவெடுக்கப் போகிறது. உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்தில் கிணற்று மட்டம் இறங்கும் நேரமும் இதுதான். இருக்கிற தண்ணீரை எந்த நாட்களுக்கு வைத்துக்கொள்வது என்று இந்த வாரமே கணக்குப் போட்டுவிடுங்கள்.

விதைத்த 50-ஆம் நாளிலிருந்து 65-ஆம் நாள் வரை பயிர் வாடவே கூடாது. கதிரில் தொங்கும் ஒவ்வொரு நூலும் ஒரு மணியாக வேண்டியது. ஈரம் குறைந்தால் நூல் வெளிவரத் தாமதமாகும். அதற்குள் கொண்டையில் மகரந்தம் கொட்டி முடிந்துவிடும். நுனி மணிகளின் நூல்கள்தான் கடைசியாக வருபவை. வறட்சியில் விளைந்த கதிர் நுனியில் மணி பிடிக்காமல் போவது அதனால்தான். கடும் வெயில் மகரந்தத்தையும் கெடுக்கும். ஆனாலும் மகரந்தம் பெரும்பாலும் காலையில், பல நாட்களுக்குத் தொடர்ந்து உதிர்வதால், வேரில் ஈரம் இருக்கும் பயிர் வெயிலை ஓரளவு சமாளித்துவிடும்.

மதியம் இலை சுருண்டால் பதற வேண்டாம். விடிந்த பிறகும் விரியாமல் நின்றால் அன்றே பாய்ச்சுங்கள். செம்மண் சீக்கிரம் காயும், கரிசல் சில நாள் கூடுதலாகத் தாங்கும். மண்ணைத் தோண்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாய்க்கால் பாசனம் என்றால் மாலையிலோ இரவிலோ பாய்ச்சுவது நல்லது. சொட்டுநீர் போட்டவர்கள் நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுங்கள்.

இரண்டு ஏக்கருக்குத் தண்ணீர் எட்டாது என்று தெரிந்தால், அரைகுறையாக இரண்டுக்கும் பாய்ச்சாதீர்கள். நன்றாக நிற்கும் ஒரு ஏக்கருக்கு முழுத் தண்ணீர் விட்டு, மற்றதைத் தீவனத்துக்கு ஒதுக்குங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் இரண்டு வயலிலும் சொத்தைக் கதிர் ஒடிப்பதைவிட ஒரு வயலில் நிறைந்த கதிர் ஒடிப்பது மேல்.

45-ஆம் நாள் யூரியாவை ஈரமில்லாத மண்ணில் போடாதீர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள மேக்சிம் என்ற பயிர் ஊக்கி கிடைத்தால், ஏக்கருக்கு 3 கிலோவை 200 லிட்டர் நீரில் கரைத்து, கொண்டை வரும்போது ஒருமுறையும் மணி பிடிக்கும்போது ஒருமுறையும் தெளியுங்கள்.

பிந்தி விதைத்தவர்கள் குருத்தைப் பிரித்துப் பாருங்கள். 2018-இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு 15, 20 நாள் பயிரிலேயே இறங்கிவிடுகிறது. குருத்துக்குள் மரத்தூள் போன்ற எச்சம் கண்டால், 10 லிட்டர் தண்ணீருக்கு எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி 4 கிராம் கலந்து, மாலையில் குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்கள். அடுத்த முறை மருந்தை மாற்றுங்கள்.

தீவனத்துக்கு வெட்டும் வயலில் ஓர் எச்சரிக்கை. வாடிய மக்காச்சோளத்தின் அடித்தண்டில் நைட்ரேட் சேர்ந்திருக்கும். மாட்டுக்கு அது நஞ்சு. தரையிலிருந்து ஓர் அடி விட்டு வெட்டுங்கள். கோடை மழை பெய்தால் உடனே வெட்ட வேண்டாம், ஒரு வாரமாவது பொறுங்கள். பசியோடு நிற்கும் மாட்டுக்கு இதை மட்டும் போடாமல் வைக்கோலோடு கலந்து கொஞ்சமாக ஆரம்பியுங்கள். காயவைத்தால் நைட்ரேட் குறையாது. ஊறுகாய்ப் புல்லாகப் பதப்படுத்தினால் பெருமளவு குறையும்.