மூலோபாய ரீதியாக

'மூலோபாயம்' என்ற பெயருடன் 'ரீதியாக' சேர்ந்தால் வினையடை. நீண்டகால இலக்கைக் கருதிச் செய்வதை அது குறிக்கும். உடனடி நெருக்கடியைச் சமாளிப்பது 'தந்திரோபாய ரீதியாக'. பலரும் இரண்டையும் குழப்புவர்.

வருங்காலப் போர்களுக்கென்று பிரித்தானியர் சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்கள் அமைத்தது முதலாவது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசுமுன், முந்திய இரவே கப்பல்களைத் துறைமுகத்திலிருந்து வெளியேற்றியது இரண்டாவது. (அப்படியும் 'ஹெர்மிஸ்' மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.)

"திருகோணமலை மூலோபாய ரீதியாக முக்கியமானது" என்று நாமும் எழுதுகிறோம். யாருக்கு? குடாவில் மீன்பிடிப்பவருக்கு அது காற்றுக்கு ஒதுங்கும் இடம். திட்டம் யாருடையதோ அவரையும் வாக்கியத்தில் சேருங்கள்: "பிரித்தானியக் கடற்படைக்குத் திருகோணமலை மூலோபாய ரீதியாக முக்கியமாக இருந்தது."