பானம் உணவாகுமா?

உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என உணவை நான்காகப் பகுத்தனர் நம் முன்னோர். இந்நான்கனுள் பருகுவதொன்றே போதும், ஏனைய மூன்றும் வேண்டா என்னும் கொள்கை அண்மைக் காலத்தில் பரவி வருகின்றது. புரதம், மாவுச்சத்து, கொழுப்பு, வைட்டமின்கள், உப்புகள் ஆகியவற்றை அளந்து கலந்த பொடியொன்றை நீரிலோ பாலிலோ கரைத்துப் பருகிவிட்டால் ஒரு வேளை உணவு முடிந்தது என்பர் இக்கொள்கையினர். 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராப் ரைன்ஹார்ட் என்னும் பொறியியலாளர், சமைப்பதற்கும் உண்பதற்கும் ஆகும் பொழுதையும் பொருளையும் மிச்சப்படுத்த எண்ணிச் 'சாய்லண்ட்' என்னும் பானத்தை அமைத்தார். அதன் இனத்தைச் சேர்ந்தவை இன்று நம் நாட்டிலும் விலைப்படுகின்றன.

இஃது எங்கோ நிகழும் புதுமையன்று. சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை பெங்களூருக்கும் சேலத்துக்குமாகப் பிரியும் இடம் ஜோலார்பேட்டை. அங்கு விடியற்காலையில் வண்டியேறும் மாணவரும், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் செல்லும் தொழிலாளரும் பலர். அவருள் காலையுணவின்றிப் புறப்படுவோரை நாம் நன்கறிவோம். அத்தகையோர்க்கு இப்பொடி பெரியதோர் உதவியாகத் தோன்றுதல் இயல்பே. ஆதலின் இதனை நகைத்து ஒதுக்காது, அமைதியாக ஆராய்தல் நம் கடனாகும்.

முதற்கண் வரலாற்றை நோக்குவோம். உணவின் கூறுகளைக் கண்டறிந்து கலந்துவிட்டால் உணவே ஆகிவிடும் என்னும் எண்ணம் பழையது. 1870–71-இல் பாரிஸ் நகரம் முற்றுகையிடப்பட்டபோது பால் அரிதாயிற்று. புரதமும் கொழுப்பும் சர்க்கரையும் கலந்து செயற்கைப் பால் இயற்றிக் குழந்தைகளுக்கு ஊட்ட முயன்றனர். அம்முயற்சி பயன்படவில்லை. பாலின் கூறுகள் அனைத்தையும் அறிந்துவிட்டோம் என்று துணிதல் தகாது என வேதியியல் அறிஞர் தூமா அப்போதே எச்சரித்தார்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஹாப்கின்ஸ் 1912-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை ஐயமற நிறுவியது. தூய்மை செய்யப்பட்ட புரதம், மாவு, சர்க்கரை, கொழுப்பு, உப்பு ஆகியவற்றை மட்டும் உண்ட இளம் எலிகள் வளர்ச்சி குன்றின. அவ்வுணவோடு நாள்தோறும் சிறிதளவு பால் சேர்த்த மாத்திரத்தில் அவை செழித்து வளர்ந்தன. அக்காலத்து அறிவின்படி முன்னைய உணவில் குறையொன்றும் இல்லை. குறை அறிவிலேயே இருந்தது. அவ்வாண்டிலேயே காசிமிர் ஃபங்க் என்பார் 'வைட்டமின்' என்னும் பெயரை வழங்கினார்.

'இக்காலத்துப் பொடிகளில் வைட்டமின்களும் உள்ளனவே' எனின், உண்மையே. 1912-இன் குறை திருத்தப்பட்டுவிட்டது. ஆயினும் கலப்பவர் தாம் அறிந்தவற்றை மட்டுமே கலக்க இயலும். கீரையிலும் பயற்றிலும் முழுத் தானியத்திலும் உள்ள நார்ப்பொருள்களும், எண்ணிறந்த தாவரப் பொருள்களும் ஒன்றோடொன்று இயைந்து உடலில் செய்யும் தொழில் முற்றும் அளந்தறியப்படவில்லை. அறியாததை விட்டுவிடாமல் தருவது முழுவுணவு ஒன்றே.

இதனால் நம் வழக்க உணவெல்லாம் குற்றமற்றது என்று கொள்ளற்க. நம் மாநிலத்துக் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் 1920-களில், இந்நாட்டுப் பல்வேறு வட்டாரத்தார் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. அரிசியே மிக்க சென்னை மாகாணத்து உணவை உண்டவை மிக நலிந்தன. எனவே தீட்டிய அரிசிச் சோற்றோடு நின்றுவிடுதலும் நன்றன்று. குறையுள்ள உணவுக்கு மாற்று நிறைவான உணவே என்பது இதன் கருத்து.

இரண்டாவதாக, மெல்லுதலின் பயனை நோக்குவோம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2000-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 15 பேர் நான்கு வாரம் நாளொன்றுக்கு 450 கலோரியை மென்று தின்னும் மிட்டாயாகவும், வேறு நான்கு வாரம் அதே அளவைக் குளிர்பானமாகவும் உட்கொண்டனர். மிட்டாய் தின்ற காலத்தில் பிற உணவு தானே குறைந்தது. பானம் பருகிய காலத்தில் குறையவில்லை. சத்துப்பானமும் குளிர்பானமும் ஒன்றல்ல எனினும், பருகியதை வயிறு எளிதில் மறந்துவிடுகிறது என்பதற்கு இஃது ஒரு சான்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்துக் குறட்பாக்களில் பாதிக்கு மேற்பட்டவை உண்ணும் அளவையும் பசியையும் பற்றியனவாதல் ஈண்டு நினைக்கத்தக்கது.

மறுதரப்பையும் நடுநிலையோடு கூறுதல் வேண்டும். பானமே உயிர் காக்கும் இடங்கள் உண்டு. கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் முறைப்படி மருத்துவமனைகளில் 'எஃப்-75', 'எஃப்-100' என்னும் பால் கலவைகள் அளிக்கப்படுகின்றன. பிரிட்டனில் 2017-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், உடல் எடை மிக்க இரண்டாம் வகை நீரிழிவினர் 3 முதல் 5 மாதம் வரை வழக்க உணவை விடுத்து, நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி தரும் கலவைகளையே கொண்டனர். ஓராண்டின் முடிவில் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டோருள் 46 விழுக்காட்டினர்க்கு மருந்தின்றியே நோய் தணிந்திருந்தது. ஆனால் அவையாவும் மருத்துவர் கண்காணிப்பில், ஒரு கால எல்லைக்குள் நிகழ்ந்தவை. அதன் பின்னர் அவர்களை மீண்டும் படிப்படியாக உணவுக்கே கொண்டுவந்தனர். அவை மருந்தின் இனத்தன. நோயற்ற மாணவன் மருந்தை நாட்கறியாகக் கொள்ளுதல் எவ்வாறு பொருந்தும்?

'நம் பாட்டியர் கூழைக் குடித்தே உழைக்கவில்லையா?' என்று ஒருவர் வினவலாம். நல்ல வினா. கேழ்வரகின் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. கூழ் தவிடு நீக்காத தானியத்தின் மாவாலாயது; புளித்துப் பதப்படுவது. அன்றியும் அது தனியே வருவதில்லை. மோரும் சிறுவெங்காயமும் துவையலும் கீரைக்கடைசலும் உடன் வருவன. ஒரு வாய் குடித்து ஒரு கடி கடிப்பதே கூழுண்ணும் முறை. பெயரளவில் அது பானம், தன்மையில் முழுவுணவு.

பெயரைக் கண்டு மயங்குதலும் ஆகாது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணைய வணிக நிறுவனங்கள் போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்னும் பகுப்பினின்றும் நீக்குமாறு அறிவுறுத்தியது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்பெயருக்கு இலக்கணமே இல்லை என்பது காரணம். சொல்லுக்குப் பொருள் தேடுதல் தமிழ் பயில்வார்க்குப் பழகிய செயல். அதனைப் புட்டியின் மேற்சீட்டிலும் செய்தல் நலம்.

முடிவாக ஒன்று. காலையில் நமக்கு இல்லாதது பொழுதேயன்றிச் சத்துப்பொடி அன்று. இதனை நன்குணர்ந்தே 2022-இல் தமிழ்நாட்டு அரசு தொடக்கப்பள்ளிச் சிறார்க்குக் காலையுணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சமைத்திட்டது. கல்லூரிப் பருவத்தார்க்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. ஆதலின் நாமே செய்யத்தக்கன சில உள. இரவில் ஊறவைத்த பயற்றைக் காலையில் வேகவைத்துச் சுண்டலாக எடுத்து வரலாம். முதல் மணிக்கு முன்னரே சிற்றுண்டிச்சாலையில் கூழோ இட்டலியோ கிடைக்குமாறு மாணவர் சங்கத்தார் கல்லூரித் தலைவரை வேண்டலாம். அங்கு அரைமணி நேரம் நால்வர் கூடியமர்ந்து பேசி உண்பராயின், எப்பொடியிலும் கலக்க இயலாத நன்மையொன்றும் அவ்வுணவோடு சேரும். பசித்த தோழன் வகுப்பில் அமர்ந்திருக்க, பாடம் அவன் செவியில் ஏறுவதில்லை. அக்குறையைத் தீர்க்கும் பொறுப்பை ஒரு புட்டியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வாளா இருத்தல் ஆகாது.