ஆய்வுக்கு அனுப்பும் மாதிரியும் நேரக் குறிப்பும்

பட்டியில் ஆடு ஒன்று திடீரென இறந்தால், எந்த நோயால் இறந்தது என்பதை அறிந்தால்தான் மீதி ஆடுகளைக் காப்பாற்ற இயலும். இதற்காகக் குடல் நீர், இரத்தம், புழுக்கை முதலியவற்றைக் கால்நடை மருத்துவர் மூலம் நோய் ஆய்வகத்திற்கு அனுப்புகிறோம். மாதிரி எடுப்பதில் காட்டும் அக்கறையைப் பலர் நேரத்தைக் குறிப்பதில் காட்டுவதில்லை. 'காலையில் எடுத்தது' என்று மட்டும் எழுதி அனுப்புவோரும் உண்டு. அன்று காலையா, முந்தின நாள் காலையா என்பது ஆய்வாளருக்கு எப்படித் தெரியும்?

புட்டியில் அடைத்த பின்னும் மாதிரி அப்படியே இருப்பதில்லை. மடிநோய் கண்ட பசுவின் பாலை எடுத்துக் கொள்வோம். எடுக்கும்போது கைபட்டு விழுந்த ஒரு கிருமி, வெதுவெதுப்பான நிலையில் 20 நிமிடத்திற்கு ஒரு முறை இரட்டித்தால், 4 மணி நேரத்தில் 4096 ஆகிவிடும். நோயை உண்டாக்கிய கிருமி எது, வழியில் பெருகியது எது என்று பிரித்தறிவது கடினம். பனிக்கட்டியில் வைத்தால் இப்பெருக்கம் வெகுவாகக் குறையும்.

ஆட்டுப் புழுக்கையில் நடப்பது இதற்கு நேர்மாறு. உருண்டைப் புழுக்களின் முட்டைகள் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாளிலேயே பொரிக்கத் தொடங்கும். பொரித்தவை முட்டைக் கணக்கில் சேரா. எண்ணிக்கை குறைவாக இருப்பதைக் கண்டு குடற்புழு மருந்து தேவையில்லை என்று இருந்துவிட்டால், குட்டிகள் இரத்தச் சோகையால் மடியும்.

துள்ளுமாரி நோயில் சிக்கல்

நேரக் குறிப்பின் அருமை துள்ளுமாரி நோயில்தான் நன்கு விளங்கும். புது மழைக்குப் பின் தழைத்த இளம்புல்லை மேய்ந்த கொழுத்த குட்டிகளே பெரும்பாலும் இந்நோயால் திடீரென இறக்கும். இவற்றின் சிறுநீரகம் கூழ்போல் குழைந்திருக்கும். ஆனால் எந்த ஆடு இறந்தாலும், நம் ஊர் வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் சிறுநீரகம் குழையத்தான் செய்யும். நோய்க் கிருமியும் நல்ல ஆட்டின் குடலில் ஓரளவு இருப்பதே. இறந்த பின் அது பெருகும். ஆகையால் குடல் நீரில் கிருமியின் நச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நச்சோ வெப்பத்தில் சிதைந்துவிடும். இறந்து 2 மணி நேரத்தில் எடுத்துக் குளிர்வித்த மாதிரியில் 'நச்சு இல்லை' என்பதும், 20 மணி நேரம் கழித்து வந்ததில் 'நச்சு இல்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னதை நம்பலாம், பின்னதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்பாற்றல் உண்டாகச் சுமார் இரு வாரம் ஆகும் என்பதால், தவறான முடிவால் இழக்கும் நாட்கள் பட்டியையே பாதிக்கும்.

(மூக்கு, ஆசனவாய் வழியே இரத்தம் கசிந்து இறந்த கால்நடையை அறுக்கவே கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம், மனிதரையும் தாக்கும். உடனே மருத்துவரை அழைக்கவும்.)

எந்த நேரங்களைக் குறிப்பது?

ஆடு இறந்த நேரம், மாதிரி எடுத்த நேரம், ஆய்வகம் பெற்ற நேரம் ஆகிய மூன்றும் வேண்டும். இறந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால், கடைசியாக உயிருடன் கண்ட நேரத்தை எழுதினால் போதும். தேதியுடன் காலை, மாலை, இரவு என்பதையும் சேர்த்து எழுதவும். 'இரவு 12 மணி' என்பது எந்தத் தேதியைச் சேர்ந்தது என்ற குழப்பம் வரும், 11.50 அல்லது 12.10 என்று எழுதுவது நலம். பனிக்கட்டி உருகினால் மை கரையும். பென்சிலால் எழுதி, சீட்டைத் தனிப் பாலிதீன் பையில் இட்டுப் புட்டிக்கு வெளியே கட்டவும்.

பெற்ற நேரம் என்பது பொட்டலம் கைமாறிய நேரம். பதிவேட்டில் ஏற்றிய நேரமன்று. காலை 10 மணிக்குக் கொடுத்தது மேசையில் கிடந்து, பிற்பகல் 3 மணிக்குப் பதிவானால், அந்த 5 மணி நேரமும் வழியில் கழிந்ததாகவே தோன்றும். பழி கொண்டு சென்றவர் மேல் விழும்! எனவே கொடுக்கும்போதே நேரத்தையும், பனிக்கட்டி மீதி இருந்ததா என்பதையும் எழுதச் சொல்லிப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கவும்.

முடிவு வந்ததும் எடுத்த நேரத்திற்கும் பெற்ற நேரத்திற்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டுப் பார்க்கவும். இடைவெளி நீண்டு, முடிவும் 'இல்லை' என்றிருந்தால், அடுத்து நோயுறும் ஆட்டிலிருந்து புதிய மாதிரி எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கவும்.