பழவேற்காட்டுக்கு ஐஸ் பெட்டியோடு போகிறவர்களுக்கு

முதலில் காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடல் மீன் அதிகம் வராது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாளிலும் மீனவர்களைக் கடலுக்குப் போக விடமாட்டார்கள். பூநாரையும் பார்க்க ஆசையென்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விட வேண்டும்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இருட்டு விலகுமுன் கிளம்பி, செங்குன்றம், காரனோடை தாண்டி, தச்சூர் கூட்டுச்சாலையில் வலப்பக்கம் திரும்பினால் பொன்னேரி. வண்டி இல்லாதவர்கள் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வந்து பொன்னேரியில் இறங்கி, பஸ் ஏறலாம். டிபனையும் ஐஸையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். திருப்பாலைவனம் தாண்டியதும் காற்றே உப்புக் கரிக்கும்.

பழவேற்காட்டில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். கூடை கூடையாக எடுக்கும் வியாபாரிகளுக்கு அது பிழைப்பு நேரம். நமக்கு வேண்டியதைப் பக்கத்திலேயே கூறு போட்டு விற்கும் அக்காக்களிடம் வாங்கலாம். “அக்கா, நண்டை அழுத்திப் பார்க்கலாமா?” என்று கேட்டால் அவர்களே திருப்பிக் காட்டுவார்கள். பச்சை நண்டின் வயிற்றுப் பக்கம், கடைசிக் காலுக்கு அருகே கட்டைவிரலால் அழுத்துங்கள். ஓடு அமுங்கினால் உள்ளே தண்ணீர்தான். கல்லாக நின்றால் சதை இருக்கிறது. இறாலுக்குத் தலை உடம்போடு இறுகியிருக்க வேண்டும். தலை ஆடினாலோ கறுத்தாலோ வேண்டாம். மடவைக்குச் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்கட்டும்.

விலையை அடித்துப் பேசாதீர்கள். பழவேற்காடு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ‘பாடு’ என்று அதற்குப் பெயர். உங்கள் கூறில் இருக்கும் இறால், ஒரு குடும்பம் தன் முறைக்குக் காத்திருந்து பிடித்ததாக இருக்கலாம். அல்லது இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைக் கையால் துழாவும் இருளர் பெண் ஒருத்தி பிடித்ததாக இருக்கலாம். முகத்துவாரம் மணல் மூடிவிட்டாலோ கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் வருவதே குறைந்துபோகும். அப்போது முறை வந்தும் வலை வெறுமையாக ஏறும்.

படகு சவாரி கேட்காதீர்கள். யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பம் வரை போனாலே ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல் என்று கண் நிறையும். நேரமிருந்தால் டச்சுக் கல்லறைக்குப் போய் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பாருங்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டையில் இப்போது பார்க்க அதிகமில்லை.

கட்டும்போது அடியில் ஐஸ், மேலே மீன், அதற்கு மேல் மறுபடி ஐஸ். இறாலைத் தனிப் பையில் போடுங்கள். உயிர் நண்டை ஐஸில் போட்டால் செத்துவிடும். கொடுக்குக் கட்டை அவிழ்க்காமல் ஈரச் சாக்கில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். திரும்பும்போது பொன்னேரியில் ஒரு நிமிடம் நிறுத்தி, பெட்டியில் உருகித் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, ஐஸ் சேருங்கள். நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் செங்குன்றம் வரை நிறுத்த மனம் வராது.